பதினேழு வீட்டுக்குச் செய்தி

6 மார்ச் 2006, திங்கள்

தாமோதரன் பெங்களூரிலிருந்து வந்து இந்தச் செல்போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய் ஒரு வாரமாகிறது. என்னோடு பேசுவதற்காம். பெற்ற மகன் பேசுவதில்லை, மெசேஜ் அனுப்புகிறான். "சாப்டாச்சா" என்று ஒரு வார்த்தை. விளி இல்லை, முடிப்பு இல்லை, கீழே பெயர் இல்லை. கான்வென்டில் இப்படி ஒரு கடிதம் எழுதியிருந்தால் மதர் முட்டி போட வைத்திருப்பார்.

திரையில் கடித உறை மாதிரி ஒரு படம் மினுக்கிக்கொண்டே இருக்கிறது. திறக்கப் போவதில்லை. பேச வேண்டியவர்கள் பேசட்டும்.

9 மார்ச், வியாழன்

பெரிய நாத்தனார் இறந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை காலையில். எனக்குத் தெரிந்தது இன்று மத்தியானம்.

தாமோதரன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். "திருவாலங்காட்டுக்கு நீ போகவே இல்லையாமே, ஏம்மா?" எதற்கு என்று கேட்டேன். "மெசேஜ் அனுப்பினேனேம்மா. அத்தை வீட்டு அண்ணனும் அனுப்பினாரே."

திறந்து பார்த்தேன். உயிர் போன நேரம், எடுக்கும் நேரம். அவ்வளவுதான். அதுவும் பாதி எழுத்தை விழுங்கிய ஆங்கிலத்தில்.

நாற்பத்தெட்டு வருடப் பழக்கம். என் கையைப் பிடித்து இந்த வீட்டுக்குள் கூட்டிவந்தவர். முகம் பார்க்கவில்லை. வாய்க்கரிசி போடவில்லை. அங்கே சாம்பலைக் கரைத்துவிட்டு வந்து சாப்பிட்டும் இருப்பார்கள். நான் இங்கே செவ்வாய்க்கிழமை என்ன செய்துகொண்டிருந்தேன்? ஊறுகாய்க்கு எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தேன்.

அனுப்பிவிட்டானாம். போய்ச் சேர்ந்ததா என்று யார் கேட்பது?

10 மார்ச்

முத்தம்மாள்மேல் எரிந்து விழுந்தேன். முப்பது வருடமாக இங்கே பாத்திரம் துலக்குகிறவள். பாத்திரம் சுத்தமாகத்தான் இருந்தது.

11 மார்ச், சனி

நான் போகும்போது இப்படி நடக்கக் கூடாது. இன்று உட்கார்ந்து பதினேழு வீடுகளுக்குப் பட்டியல் எழுதினேன். பெயர், தெரு, இறங்க வேண்டிய நிறுத்தம், எல்லாம்.

என் வீட்டுக்காரர் இறந்தபோது முத்தம்மாளின் புருஷன் சடையப்பன்தான் சாவு சொல்லப் போனான். கார்த்திகை மழை. பொழுது சாய்வதற்குள் பதினேழு வீட்டுக்கும் சொல்லிவிட்டான். ஒரு வீடு விடவில்லை. ஒழுங்கு என்றால் அது. சடையப்பன் இப்போது இல்லை. மகன் ராஜமாணிக்கம் இருக்கிறான், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இரும்பு ஆலையில் வேலை. நாளைக்கு வரச் சொல்லி முத்தம்மாளிடம் சொன்னேன்.

12 மார்ச், ஞாயிறு



வந்தான். சட்டைப் பையில் செல்போன். பட்டியலை நீட்டி, எனக்கு ஒன்று ஆனால் நீதான் போய்ச் சொல்ல வேண்டும் என்றேன். படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இதுக்கு ஏம்மா ஆளு? நம்பர் எழுதிக் குடுங்க. ஒரே மெசேஜ்ல பதினேழு ஊட்டுக்கும் பூடும்."

நாத்தனார் கதையைச் சொன்னேன். உங்கப்பன் எப்படிப் போனான் தெரியுமா என்று கேட்டேன். அதோடு சிரிப்பு நின்றுவிட்டது.

"தெரியும்மா. நைனா சொல்லிக்கீறாரு. மழைல நனைஞ்சிகினு, துண்ட இடுப்புல கட்டிகினு தெருவுல நின்னாராம். திருவாலங்காட்டு ஊட்ல 'அந்தாண்ட நின்னு சொல்லு'ன்னாங்களாம். எந்த ஊட்லயும் ஒரு வாய் தண்ணி குடுக்கல."

"படி அரிசி கொடுத்தார்களே" என்றேன்.

"குடுத்தாங்க. துண்டுல போட்டாங்க." பட்டியலை மேஜைமேல் வைத்தான். "பாத்திரம் தேய்க்கிறது எங்கம்மா இஷ்டம். சாவு சொல்ல நான் போவ மாட்டேன். தப்பா நெனைக்காதீங்க."

என் வீட்டில், என் முகத்துக்கு நேரே! வெளியே போ என்றேன். போய்விட்டான். கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான். அதுதான் இன்னும் எரிகிறது.

13 மார்ச்

முத்தம்மாள் வந்தாள், துலக்கினாள், போனாள்.

19 மார்ச், ஞாயிறு

திருவாலங்காட்டில் தண்ணீர் கொடுக்கவில்லையாம். நாத்தனார் அப்போது வீட்டில்தானே இருந்திருப்பார்.

நம் வீட்டில் கொடுத்தோமா? அன்று மாலை சடையப்பன் திரும்பி வந்து நின்றது ஞாபகம் இருக்கிறது. பதினேழு வீடும் ஆச்சா என்று கேட்டதும் ஞாபகம் இருக்கிறது. வேறு ஏதாவது கேட்டேனா?

28 மார்ச், செவ்வாய்

முத்தம்மாள் போய்விட்டாள். காலை எட்டரைக்கு, அவள் வீட்டுக் குழாயடியில். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்ததாம்.

பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொல்லி நான் போனேன். காலனியே கூடியிருந்தது. மகனுக்குச் சொல்லியாச்சா என்றேன். "சொல்லிட்டோம் பெரியம்மா, ஆறு மெசேஜ் போய்க்கீது" என்றார்கள். ஆலைக்குள் போனை விடுவதில்லை, கேட்டில் வாங்கிப் பெட்டிக்குள் பூட்டிவிடுவார்கள் என்று முத்தம்மாளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். இவர்களுக்கும் தெரியும். ஷிப்ட் முடிய மூன்று மணி. அதுவரை? ஆபீஸ் நம்பர் ஒருத்தரிடமும் இல்லை. அனுப்பியாகிவிட்டது என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சண்டை போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

கேட்டில் காவலாளி, "இன்னா வேணும் ஆயா?" என்றான். ராஜமாணிக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று உள்ளே ஓர் அடி வைத்தேன்.

"லாரி வருது. அந்தாண்ட நின்னு சொல்லு."

நின்று சொன்னேன். அவன் தாயார் இறந்துவிட்டார் என்று. உள்ளே தகவல் கொடுக்கிறேன் என்றான். ஒரு மணி நேரம். நிழல் இல்லை. நாற்காலி காவலாளிக்கு மட்டும். அவன் பாட்டிலை எடுத்து எடுத்துத் தண்ணீர் குடித்தான். என் நாக்கு ஒட்டிக்கொண்டது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பானோ என்னவோ.

ராஜமாணிக்கம் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். யாரோ பார்க்க வந்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. என்ன வார்த்தையில் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. அவன் அழவில்லை. என் முகத்தையே பார்த்தான்.

"எம்மாநேரமா நிக்கிறீங்கம்மா?"

இப்போதுதான் வந்தேன் என்றேன்.

2 ஏப்ரல், ஞாயிறு

தாமோதரன் வந்தான். பதினேழு வீட்டு நம்பரையும் அவன் போனில் ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். நான் போனதும் மெசேஜ் அனுப்பு, ஆனால் ஒவ்வொருவரிடமிருந்தும் பதில் வந்ததா என்று பார், வராதவர்களுக்குப் போன் செய்து பேசு என்றேன். "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்" என்றான். எழுதிக்கொள் என்றேன்.

பட்டியலின் அடியில் பதினெட்டாவதாக ராஜமாணிக்கத்தின் வீட்டை எழுதியிருக்கிறேன். அங்கே மெசேஜ் கூடாது. தாமோதரன் நேரில் போக வேண்டும். தெருவில் நின்று சொல்ல வேண்டும். உள்ளே வரச் சொல்வதும் சொல்லாததும் ராஜமாணிக்கத்தின் இஷ்டம்.