அவர் பக்கத்துக் கண்ணாடி

பிப்ரவரி 3, செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி லேபில் எனக்கு வேலை. சந்தோஷப்பட்டு இரண்டாவது பத்திக்கு வருவதற்குள் நிபந்தனை வந்துவிட்டது. மூன்று கிளைகளுக்கும் காரில் போய் ரத்த மாதிரிகளை எடுத்து வரவேண்டும், ஆகவே மார்ச் 31க்குள் லைசென்ஸ் காட்ட வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

ஊரில் எட்டு வருஷம் லேபில் இருந்தவள் நான். இந்த நாட்டுக்கு வந்து நாலு வருஷமாகச் சலவைக்கூடத்தில் ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருக்கிறேன். மூலைக்கு மூலை சேர், நீவு, மடி, அடுக்கு. இதற்கா படித்தேன் என்று ஒரு நாளைக்கு முந்நூறு தடவை கேட்டுக்கொள்ளலாம், ஒரு விரிப்புக்கு ஒரு தடவை வீதம்.

ஓட்டுநர் தேர்வில் நவம்பரிலேயே ஒரு தடவை தோற்றாயிற்று. மார்ச் முடிவதற்குள் இன்னும் இரண்டு தேதிதான் கிடைத்திருக்கிறது. 

இவர் கடிதத்தைப் படித்துவிட்டு, "கவலையே படாத, இந்தத் தடவையும் நான் சொல்லித் தர்றேன்" என்றார். அங்கேதான் எனக்குக் கவலையே ஆரம்பித்தது.

பிப்ரவரி 8, ஞாயிறு

இரண்டு மணி நேரம் பயிற்சி. இவர் பக்கத்து சீட்டில், பாப்பா பின் சீட்டில். பாப்பாவுக்குப் பத்து வயசு. பாப்பா என்று கூப்பிடாதே என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வாயில் வேறு பேர் வரமாட்டேன் என்கிறது.

இவர் பக்கம் பிரேக் கிடையாது. ஆனாலும் மிதித்துக்கொண்டே வருகிறார். போகிற போக்கில் காரின் தரை ஓட்டையாகிவிடும். ஒவ்வொரு முக்கிலும் முன்னால் சாய்ந்து, அந்தப் பக்கத்துக் கண்ணாடியைத் தன் தலையாலேயே மறைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார். "இந்தப் பக்கம் க்ளியர். போ போ போ." பின்னாலிருந்து பாப்பாவும், "போ போ போ!" 

போனேன். இதில் எனக்கு வித்தியாசமாக எதுவும் படவில்லை. எங்கள் வீட்டில் யாருமே வண்டியில் சும்மா உட்கார்ந்து வந்ததில்லை. அப்பா ஸ்கூட்டர் ஓட்டினால் பின்னால் லாரி வருகிறதா என்று பார்ப்பது அம்மா வேலை. இவர் வீட்டிலும் அப்படித்தானாம். ஒருவர் ஓட்ட, மற்றவர்களெல்லாம் பார்க்க.

பிப்ரவரி 11, புதன்

பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அவள் டீச்சரைப் பார்க்கப் போனேன். "உனக்கு எந்தப் பாடம் கஷ்டமாக இருக்கிறது?" என்று அவளைக் கேட்டார். "பின்னம்தான்" என்றேன் நான். "வீட்டில் படிக்க இடம் வசதியாக இருக்கிறதா?" "இருக்கிறது." மூன்றாவது கேள்வியின்போது டீச்சர் கையை லேசாகத் தூக்கி, சிரித்துக்கொண்டே, "நான் இவளைத்தான் கேட்டேன்" என்றார்.

பாப்பா என் முகத்தைப் பார்த்தாள். பதில் அங்கே எழுதியிருக்கிறதா என்று பார்த்த மாதிரி. 

வகுப்பிலும் இப்படித்தானாம். கேள்வி கேட்டால் வேறு யாராவது சொல்லட்டும் என்று இருந்துவிடுகிறாளாம். வீட்டில் அந்த வாய் எங்கிருந்து வருகிறது என்று டீச்சருக்கு எப்படித் தெரியும்! நன்றி சொல்லிவிட்டு எரிச்சலோடு வந்தேன். யார்மேல் எரிச்சல் என்று தெரியவில்லை. பொதுவான எரிச்சல்.

பிப்ரவரி 19, வியாழன்

தோற்றுவிட்டேன்.

தேர்வு அதிகாரி கையில் ஒரு எழுதும் அட்டை. பேச்சே கிடையாது. அட்டைக்காரர் என்றே வைத்துக்கொள்கிறேன். மார்க்கெட் பக்கத்து முக்கில் நிறுத்தினேன். என் பக்கம் பார்த்தேன். எதுவும் இல்லை. அப்புறம் ஏனோ அப்படியே உட்கார்ந்திருந்தேன். எதற்காகக் காத்திருந்தேன் என்று இப்போதும் புரியவில்லை. பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான். பதறிப்போய் எடுத்தேன். 

அட்டைக்காரர் தன் பக்க பிரேக்கை மிதித்தார். அவருக்கு நிஜமாகவே பிரேக் இருந்தது. மூக்குக்கு முன்னால் ஒரு சைக்கிள். அந்தப் பெண் என்னைப் பார்த்து என்னவோ சொல்லிவிட்டுப் போனாள். நல்ல வார்த்தையாக இருக்க வாய்ப்பில்லை.

அவர் கொடுத்த தாளில் ஆறு இடத்தில் ஒரே வரி: "பார்க்கவில்லை." பாக்கலையாம்! ரெண்டு கண்ணும் வெளியே வந்து விழற மாதிரி பாத்தேனே, அது யார் கண்ணு?

வீட்டுக்கு வந்தால் இவர் ஆறுதல் சொல்கிறார். "நான் மட்டும் பக்கத்துல இருந்திருந்தா நீ பாஸ் ஆயிருப்ப."

கரண்டியைத் தொட்டியில் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

பிப்ரவரி 20, வெள்ளி

இவரோடு பேசவில்லை. உப்பு டப்பா எங்கே என்று பாப்பாவைக் கேட்டேன், அவள் அவரைக் கேட்டாள், அவர் அவளிடம் சொன்னார், அவள் என்னிடம் சொன்னாள். டப்பா என் கைக்கு அருகிலேயே இருந்தது.

பிப்ரவரி 26, வியாழன்

இவரை நம்பிப் பயனில்லை என்று பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். சொல்லித் தருபவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், அறுபது வயசு அம்மாள். என்னைவிடக் குள்ளம். அவரா பஸ் ஓட்டினார் என்று நினைத்தேன். குரலைக் கேட்டதும் நம்பிவிட்டேன்.

முதல் முக்கு. நிறுத்தினேன். என் பக்கம் பார்த்தேன். அடுத்து என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "க்ளியரா?" தமிழில்! அந்த அம்மாளிடம்!

"என்ன கேட்டாய்?" என்றார். விஷயத்தைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. வீட்டுக்காரர் அந்தப் பக்கம் பார்த்துச் சொல்வார், நான் போவேன் என்று. அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. 

"அவர் இறங்கிப் போய்விட்டால் அந்தப் பக்கத்துத் தெருவும் கூடவே போய்விடுமா?" என்றார். "எனக்கு எதுவும் தெரியாது. நான் பயணி. நீ பார்."

எங்கள் காரில் அந்தப் பக்கத்துக் கண்ணாடி எப்போதிருந்தோ இவர் உயரத்துக்குத்தான் திருப்பியிருக்கிறது. நான் உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் அதில் கதவும் கொஞ்சம் வானமும்தான் தெரியும். ஆறு மாதமாக அதை வைத்துக்கொண்டு ஓட்டப் பழகியிருக்கிறேன், ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை!

பிப்ரவரி 27, வெள்ளி

விரிப்பு மடிக்கும்போதெல்லாம் இதே யோசனை. அந்தப் பக்கம் இவர் பார்த்துச் சொல்வது காரில் மட்டுமா? வீட்டு ஓனர் போன் செய்தால் அவர். டாக்டரிடம் கொடுக்கும் படிவம் என்றால் அவர். தபால் பெட்டிச் சாவி அவரிடம். "நான் பாத்துக்கறேன்." இந்த ஊருக்கு வந்த முதல் மாதம் அந்த வார்த்தையைக் கேட்டு அழுதிருக்கிறேன், அவ்வளவு நிம்மதி. இப்போது கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது.

கோபம் முழுக்க அவர்மேல் என்று எழுத ஆசை. பாதிதான். சுகமாக இருக்கிறது என்று சாய்ந்து உட்கார்ந்தவள் நான்.

மார்ச் 1, ஞாயிறு

கண்ணாடியை என் பார்வைக்குத் திருப்பினேன். "இன்னிக்கு நீங்க எதுவும் சொல்லக் கூடாது" என்றேன்.

"சரி."

முதல் முக்கில் உடம்பு முன்னால் வந்தது. முறைத்தேன். பின்னால் போனது. இரண்டாவது முக்கில் "ப்—" என்று ஆரம்பித்து இருமலாக மாற்றினார். மூன்றாவதில், "வண்டி வருது, வண்டி வருது!" வந்தது நிஜம். நானும் பார்த்திருந்தேன். பிரேக்கில்தான் கால் இருந்தது.

ஓரமாக நிறுத்திவிட்டு ஆரம்பித்தேன். "நான் என்ன குருடியா? நீங்க கத்துனாத்தான் எனக்குக் கண்ணு தெரியுமா?" அவரும் கத்தினார். பாப்பா காதைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் அவர் குரல் இறங்கிவிட்டது.

"நீ பாத்தியா பாக்கலையான்னு எனக்கு எப்படித் தெரியும் சொல்லு? தலை அசையவே மாட்டேங்குது. பின்னாடி குழந்தை இருக்கு. எனக்குப் பயமா இருக்குடி."

அதற்கு மேல் சண்டை போட முடியவில்லை. பயம் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

மார்ச் 5, வியாழன்

பஸ்காரம்மாவிடம் சொன்னேன். அவரும் அதையேதான் சொல்கிறார். கண்ணை மட்டும் உருட்டினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. கழுத்தைத் திருப்பு. முகவாய் தோளைத் தொட வேண்டும்.

சாயங்காலம் சமையலறையில் நாற்காலி போட்டு, தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு பயிற்சி. பாப்பாதான் அட்டைக்காரர். நோட்டுப் புத்தகத்தை அட்டையாக வைத்துக்கொண்டு, "பார்க்கவில்லை! பார்க்கவில்லை!" என்று எழுதித் தள்ளினாள். அப்புறம் தட்டைப் பிடுங்கிக்கொண்டு அவளே ஓட்டினாள். அவள் கழுத்து என் கழுத்தைவிட நன்றாகத் திரும்புகிறது.

மார்ச் 10, செவ்வாய்

கழுத்துச் சுளுக்கு. தைலம். சலவைக்கூடத்தில் எல்லாரும் தள்ளி நிற்கிறார்கள்.

மார்ச் 13, வெள்ளி

காலையில் பாப்பாவின் பையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், தினமும் பார்ப்பதுதான்.

"எல்லாம் எடுத்தாச்சும்மா. நான் பாத்துட்டேன்."

"நீ பாத்தியா பாக்கலையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. இது யார் வசனம்!

அவள் விடுவாளா? "நீயும் அப்பா மாதிரிதான்மா. ரோட்டுலகூட என் கையைப் பிடிச்சுக்கிட்டு வா வா வான்னு இழுத்துட்டுப் போற. எங்க க்ளாஸ்ல எல்லாரும் தனியாத்தான் க்ராஸ் பண்றாங்க. எனக்கு மட்டும்தான் நீ பாக்கற."

"எல்லாரும் கிணத்துல விழுந்தா நீயும் விழுவியா?" என்றேன். பதில் தெரியாத நேரத்தில் எந்த அம்மாவும் சொல்வதுதான். நாளெல்லாம் மனசு சரியில்லை.

டீச்சர் கையைத் தூக்கியது ஞாபகம் வந்தது.

மார்ச் 23, திங்கள்

நாளை தேர்வு. இது போனால் வேலையும் போச்சு. வாய்விட்டுச் சொல்ல வேண்டாம் என்று மூன்று பேரும் டி.வி. பார்த்தோம். என்ன பார்த்தோம் என்று ஒருவருக்கும் தெரியாது.

மார்ச் 24, செவ்வாய்

அதே அட்டைக்காரர். அதே மார்க்கெட் முக்கு. வேண்டுமென்றே கூட்டிப்போவார் போல.

நிறுத்தினேன். யாரும் எட்டிப் பார்க்கவில்லை, யாரும் போ என்று சொல்லவில்லை. கழுத்தைத் திருப்பினேன். சுளுக்கு இன்னும் போகவில்லை, உயிர் போகிற வலி. அந்தப் பக்கம் ஒரு வேன். விட்டேன். மறுபடி இந்தப் பக்கம். மறுபடி அந்தப் பக்கம். அந்தத் தெருவில் ஒரு பூட்டு ரிப்பேர் கடை இருக்கிறது, நீலக் கதவு. நாலு வருஷமாக அந்த வழியாகப் போகிறேன், இன்றைக்குத்தான் தெரியும். 

பாஸ்!! 

தாளில் ஒரே ஒரு குறைதான் எழுதியிருந்தார்: "தேவைக்கு அதிகமாகப் பார்க்கிறார்." 

வெளியே இவர் நின்றுகொண்டிருந்தார். தாளை வாங்கிப் படித்தார். "இது எனக்கு எழுதின மாதிரி இருக்கே" என்றார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். சாவியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். வழி முழுக்க இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு வந்தார் மனுஷன். கால் மட்டும் நாலு தடவை மிதித்தது. அதை மன்னித்துவிட்டேன்.

மார்ச் 27, வெள்ளி

சலவைக்கூடத்தில் கடைசி நாள். கடைசி விரிப்பில் மூலைகள் சேரவில்லை. அப்படியே அடுக்கில் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

இந்த வாரம் எனக்கு ஒன்பது மணி ஷிஃப்ட். பாப்பாவைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போகலாம் என்று கிளம்பினேன். 

"இங்கயே நிறுத்தும்மா" என்றாள். பள்ளி எதிர்ப்பக்கம். நடுவில் ரோடு.

"வாசல்லயே விட்டுட்டு—"

"அம்மா."

நிறுத்தினேன். இறங்கினாள். பையை ஒரு தடவை உலுக்கிச் சரி செய்துகொண்டு ஓரத்தில் நின்றாள். நான் ஜன்னல் கண்ணாடியை இறக்கப் போனேன். பொத்தான்மேல் விரல் இருந்தது, வாயில் சொல் இருந்தது. தூரத்தில் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. நானாக இருந்தால் அதற்குள் அவள் கையைப் பிடித்து ஓடிக் கடந்திருப்பேன். விரலை எடுத்தேன்.

பாப்பா கழுத்தைத் திருப்பினாள். சமையலறை நாற்காலியில் திருப்பின அதே மாதிரி, முகவாய் தோளைத் தொட. அப்புறம் இந்தப் பக்கம். பஸ்ஸைப் பார்த்தாள், நின்றாள். பஸ் போகட்டும் என்று விட்டாள். மறுபடி இரண்டு பக்கமும் பார்த்தாள். அவள் பார்ப்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. எனக்காகத்தான் அவ்வளவு திருப்பினாளோ என்னவோ.

கடந்து போய்விட்டாள். திரும்பி எனக்குக் கை காட்டுவாள் என்று காத்திருந்தேன். காட்டவில்லை. ஒரு சிநேகிதியோடு பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். 

மூக்கைத் துடைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்து, வண்டியை எடுத்தேன். வேலைக்கு நேரமாகிவிட்டது.