ஒற்றைக்காதனைக் கடைசியிலிருந்து தொடங்கிய கதை

அன்பு மகள் ரிஹாமுக்கு வாப்பா ஸலாமா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே கர்மூஸில் நானும் உன் உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், என் இடது புருவத்துத் தையலைத் தவிர, அது பின்னால் வரும். மொன்ட்ரியாலில் நீயும் உன் பனியும் நலமா? போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போன் அடித்தால் உன் உம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்லி அதன்மேலேயே காதை வைத்துக்கொள்கிறாள், இதிலோ அவள் கேட்கக் கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதனால்தான் விடுமுறை முடிந்து அங்கே திரும்புகிற மருந்துக்கடைக்காரர் மகன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் என் மானம் போனதைச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் தெருவில் யாராவது உனக்குச் சொல்லத்தான் போகிறார்கள். நீ அனுப்பிய வீடியோ விளையாட்டுப் பெட்டியும், உன் கம்பெனி செய்த விளையாட்டின் ஒன்பது பாகத்துத் தட்டுகளும் சொருகிய உறைப்புத்தகமும் பத்திரமாக வந்தன. நீயும் படித்துப் படித்துச் சொன்னாய், 'வாப்பா, முதல் பாகத்துல இருந்து ஆரம்பிங்க, அவசரமே இல்ல, ஒவ்வொண்ணா போங்க' என்று. அப்படியே செய்தேன். புத்தகத்தை எந்தப் பக்கம் திறப்பேன்? குர்ஆனையும் செய்தித்தாளையும் எந்தப் பக்கம் திறக்கிறேனோ அந்தப் பக்கம், வலப்பக்கம்தான் திறந்தேன், முதலில் இருந்த தட்டை எடுத்துப் போட்டேன். நீ வெள்ளைக்காரர் மாதிரி இடப்பக்கத்திலிருந்து அடுக்கியிருப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? தட்டின்மேல் எண்ணும் இல்லை, ஒரு குச்சியும் ஒரு பெருக்கல் குறியும் போட்டிருந்தது, அது ரோமன் ஒன்பது என்று தெரியாமல் அலங்காரம் என்று நினைத்துக்கொண்டேன். ஆக ஒன்பதாம் பாகத்தை முதல் பாகம் என்று நம்பி உன் வாப்பா நான் கிட்டத்தட்ட முழுவதும் ஆடி முடித்துவிட்டேன்.

எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. திரை வெளிச்சமானதும் ஒரு காது இல்லாத ஒருவன் துறைமுகத்தில் நிற்கிறான், அவன்தான் நான் என்கிறார்கள். எதிரில் வருகிறவனெல்லாம் கத்தியோடு வருகிறான். ஒருவன் என் தம்பியைக் கொன்றாயே என்கிறான், இன்னொருவன் என் கண்ணைப் பிடுங்கினாயே என்கிறான், ஒரு கிழவி என் மூன்று பிள்ளைகளையும் எரித்தாயே என்று சொல்லி மீன் வெட்டும் கத்தியால் என்னைத் தோளிலிருந்து இடுப்புவரை பிளந்தாள். நான் யாரை எரித்தேன், இப்போதுதானே தேநீரை ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்? கொக்கியில் தொங்கினேன், சங்கிலியில் நசுங்கினேன், படகோடு வெந்தேன். வாழ்நாளெல்லாம் மாட்டை அறுத்த நான், கத்தி பிடிக்கத் தெரியாதவன் என்று பெயர் வாங்கியது இந்தப் பொத்தான்களிடம்தான். உங்கள் ஆட்கள் கத்தியைப் பிடிக்கிற அழகைப் பற்றியும் சொல்ல வேண்டும், கோடாலி மாதிரி ஓங்கி எலும்பில் போய் வெட்டுகிறார்கள், அப்படி வெட்டினால் முதல் ஆளிலேயே கத்தி முனை மடங்கிவிடும், உன் முதலாளிகளிடம் சொல்.

கடைசியில் வெட்கத்தை விட்டு டிராம் பாதைக்குப் பின்னால் பய்யூமி நடத்துகிற பிளேஸ்டேஷன் கடைக்குப் போனேன். நான் ஆடுவதைச் சொல்லவில்லை, பொதுவாகக் கேட்கிற மாதிரி, இந்த வரிசையை ஒரு புது ஆள் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்றுதான் கேட்டேன். உலையில் பெட்ரோல் ஊற்றினாலும் அப்படிப் பற்றியிருக்காது. பய்யூமி முதல் பாகம்தான் என்றான், ஒழுங்கான மனிதன் வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் வருவான் என்றான். மினிபஸ் ஓட்டுகிற ஷத்தா சிரித்தான். 'முதல் பாகத்துல இருக்கிறதெல்லாம் மனுஷன் மூஞ்சியா? அடுக்கி வச்ச செங்கலுக்குச் சட்டை மாட்டுன மாதிரி இருக்கும். நாலுல ஆரம்பிங்க முஅல்லிம்' என்றான், கறிக்கடைக்காரனுக்குத் தெரு கொடுக்கிற மரியாதை அது. நாலில் ஆரம்பிக்கிறவன் நிக்காஹ் முடிந்து சோற்றுக்கு மட்டும் வருகிறவன் என்று பய்யூமி திருப்பிக் கொடுத்தான். வெல்டிங் பட்டறை கரீப் ஒரு மூலையிலிருந்து, ஆறாவதில்தான் அவன் சின்ன வயசுக் கதை வருகிறது, நடந்த வரிசைப்படி அதுதான் ஆரம்பம் என்று நிதானமாகத்தான் சொன்னான். அதற்கு பய்யூமி சொன்னான், 'அப்படின்னா உன் கல்யாண வீடியோ கேட்டா உங்க வாப்பாவோட முதலிரவுல இருந்து போட்டுக் காட்டுவியா?'

வாப்பாவை இழுத்த பிறகு என்ன மிச்சம். கரீப் தேநீர்க் கிளாஸைப் பய்யூமியின் நெற்றியில் அடித்து உடைத்தான். பய்யூமி நாற்காலியைத் தூக்கினான், அது ஷத்தாவின் மேல் விழுந்தது, ஷத்தா எதற்கு என்று கேட்காமலே இரண்டு பேரையும் அடித்தான். ஒரு பல் என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது, யாருடையது என்று இன்றுவரை தெரியாது. கரீப் ஷத்தாவின் காதைக் கடித்துக்கொண்டு விடவே இல்லை. பெரிய மனிதன் விலக்கிவிட வேண்டும் அல்லவா, நான் தேநீர்த் தட்டைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நடுவில் புகுந்தேன், முக்காலியின் கால் என் புருவத்தைப் பிளந்தது. என் ரத்தத்தைப் பார்த்ததும் மூவரும் நின்றார்கள். பய்யூமி தன் நெற்றி ரத்தத்தை விட்டுவிட்டு என் புருவத்தில் துணியை அழுத்தினான், பேச்சுக் கொடுத்தால் மயக்கம் வராது என்று நினைத்தானோ என்னவோ, நீங்களே ஆடுகிறீர்களா முஅல்லிம், எதுவரை வந்திருக்கிறீர்கள் என்று கேட்டான். நான் அந்த ஒற்றைக்காதன் துறைமுகத்தை விட்டு ஊருக்குள் வந்துவிட்டான் என்றேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். 'முஅல்லிம், முதல் பாகத்துல அவனுக்கு ரெண்டு காதும் இருக்கு. நீங்க கதைய வாலுல இருந்து தின்னுட்டு வர்றீங்க' என்றான் ஷத்தா, தன் காதைப் பொத்திக்கொண்டு. பிறகு பல்லெல்லாம் ரத்தமாக மூவரும் கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள். இப்போது கடைக்கு ஆடு வந்து இறங்கினால், இதை வாலிலிருந்தா அறுப்பீர்கள் என்று தெருவே கேட்கிறது.

நிறுத்திவிட்டு முறையாக முதலிலிருந்து வரச் சொன்னார்கள். பாதி அறுத்ததை விட்டுவிட்டு எழுந்து போகிற பழக்கம் எனக்கு இல்லை, கொஞ்சம்தான் பாக்கி என்று ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். உன் உம்மா அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒற்றைக்காதன் ஒரு கல்யாண ஊர்வலத்துக்குப் போகிறான். ஒரு கரும்புச்சாறு கடைத் திருப்பம், சரவிளக்கு, மேளம், கண்பட்டுவிடாமல் பால்கனியிலிருந்து உப்புத் தூவுகிற பெண்கள். ஒருவன் கட்டித் தழுவ வருகிற மாதிரி சிரித்துக்கொண்டே வந்து விலாவுக்குக் கீழே கத்தியை ஏற்றுகிறான், ஓங்கி இல்லை, கீழிருந்து மேலாக, தெரிந்தவன் ஏற்றுகிற மாதிரி. நான் எல்லாப் பொத்தானையும் அழுத்தினேன், ஒன்றும் கேட்கவில்லை. அந்த விளையாட்டில் செத்தவர்கள் எல்லாம் பறந்துபோய் உருண்டு விழுவார்கள், இவன் அப்படி விழவில்லை. தேநீருக்கு உட்காருகிற மாதிரி மெல்ல உட்கார்ந்தான். இடது கையைத் தரையில் ஊன்றினான். கையைத் தூக்கி ஈரமா என்று பார்த்தான். அதைச் சுவரில் துடைத்தான். பிறகு ஒருக்களித்துப் படுத்து கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டான். கை ஏன் சுவருக்குப் போகிறது என்று பய்யூமிக்கும் புரியவில்லையாம், ஏதோ உள்ளர்த்தம் இருக்கும் என்கிறான். விளையாட்டில் ஆட்கள் விழுகிற அசைவுகளை உண்டாக்குவதுதான் உன் வேலை என்று நீ சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

உன் உம்மா மீன் தட்டோடு வந்து முடிந்ததா, யார் செத்தது என்று கேட்டாள். யாருமில்லை என்று சொல்லிப் பெட்டியை அணைத்தேன். மகளே, அந்தக் கரும்புச்சாறு கடைத் திருப்பம், அந்தச் சரவிளக்கு, உன் தம்பி மஹ்ரூஸ் குத்துப்பட்ட கல்யாணத் தெரு அது, அவள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். அவன் விழுந்த உடனே போய்விட்டான், ஒன்றும் உணர்ந்திருக்க மாட்டான் என்று நீ அன்று சொன்னாயே, அதை வைத்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருஷமாகத் தூங்குகிறாள். இப்போது அவளும் ஆட வேண்டுமாம், மகள் செய்ததைப் பார்க்க வேண்டுமாம். அதனால் இந்த ஊரிலேயே முதல் பாகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று அதிகமாக வாதாடுகிறவன் இன்று நான்தான், பய்யூமியே அசந்துபோகிறான். மூன்றாவதிலேயே அலுத்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அவள் ஐந்தாவதில் நிற்கிறாள். எண்ணெய்க் கையோடு உட்கார்ந்து தொண்டை தொண்டையாகக் கிழிக்கிறாள், 'இத்தன வருஷம் மாட்டத்தான் அறுத்தீங்க, ஆள அறுக்கத் தெரியலயே உங்களுக்கு' என்கிறாள். கத்தியோடு வருகிறவனைக் கொன்ற பிறகும் விடுவதில்லை, அவன் அசையாமல் கிடக்கும்போதும் மிதித்துக்கொண்டே இருக்கிறாள். யாரை மிதிக்கிறாய் என்று நான் கேட்பதில்லை.

ஒன்பதாம் தட்டு இப்போது கடைக் குளிர்பெட்டியில் ஈரலுக்கு அடியில் இருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீ வருவதற்குள் அவள் எட்டை முடித்துவிட்டு அதைக் கேட்பாள். தொலைந்துவிட்டது என்று சொல்லவா, நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு போடுகிறாயா? செய்தவள் நீ, நீ சொல்கிறபடி நடக்கட்டும். பதிலை பய்யூமியின் போனுக்கு அனுப்பு, நீ வந்து போடுவதானால் ஆமாம், தொலைந்ததாகச் சொல்வதானால் இல்லை என்று மட்டும் அவனிடம் சொல், அவன் வாய் உனக்குத் தெரியும்.

பனியில் தலையை மூடாமல் போகாதே. வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே. பயணச்சீட்டைக் கடைசி நேரத்தில் எடுக்காதே, பெருநாள் நெருக்கத்தில் இடம் கிடைக்காது. உன் கைக்கும் கண்ணுக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, உன்னைத் தீய நேரத்திலிருந்து காப்பானாக.

யாரிடமும் நான் வாய்விட்டுச் சொல்லாதது ஒன்று உண்டு. மருத்துவமனை வாசலில் அவன் ஒன்றும் உணரவில்லை என்று நீ எங்களிடம் சொன்னபோது நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். மஹ்ரூஸ் அன்று புதுச் சந்தன நிறக் கால்சட்டை போட்டிருந்தான், அதில் துடைக்க மனம் வராமல்தான் கையைச் சுவருக்குக் கொண்டுபோனான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு நான் வந்து சேர்வதற்குள் அவன் தலை உன் மடிக்கு வந்துவிட்டது. ஆனால் நான் நின்ற கரும்புச்சாறு கடை ஓரத்திலிருந்து எல்லாம் தெரிந்தது. அதை நீ ஒருத்தி மட்டும் பார்க்கவில்லை, மகளே.

உன் வாப்பா,
ஸலாமா