சொன்னால் நிற்காத டீ வண்டி

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். வீட்டுச் சாவி உங்கள் ஸ்க்ரூடிரைவர் டப்பாவில். நாலு மணிக்கு என் அக்கா வருகிறாள். அவள் உட்கார ஒரு நாற்காலியிலாவது மோட்டார் இல்லாமல் இருக்கட்டும்.

"ஒரு நாளாவது எனக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கீங்களா?" என்று போன மாதம் கேட்டது என் குற்றம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற மாதிரி, டீ கொண்டுவர மூன்று வாரமாக ரோபோ செய்தீர்கள். பாதி மட்டுமே சுற்றுகிற மோட்டார் சக்கரத்தை ஓட்ட முழுசாகச் சுற்ற வேண்டுமென்று, உள்ளே பல்சக்கரத்தில் இருந்த தடுப்பை என் நகவெட்டியால் நறுக்கினீர்கள். நேற்று அது டீயோடு வந்தது, என்னைத் தாண்டியது, சோபாவுக்கு அடியில் போய்க் கொட்டியது. "நில்லுன்னு சொன்னாலும் கொஞ்சம் நகரும், அது அப்படித்தான்" என்றீர்கள். நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சாப்பிடாமல் படுத்துவிட்டீர்கள்.

சிரித்திருக்கக் கூடாது.

காலையில் மோட்டார் நிற்பதைச் சரிசெய்யும் குட்டித் திருகை ஒரு துளி திருப்பிப் பார்த்தேன். இப்போது சொன்னதும் நிற்கிறது. நகவெட்டிதான் போச்சு.

பி.கு.: அடுப்படியிலிருந்து சோபா பத்தே அடி. சாயங்காலம் டீயை நீங்களே எடுத்து வாருங்கள். ரோபோவும் பின்னாலேயே வரட்டும், பார்த்துக் கற்றுக்கொள்ளும்.