சைட் ஸ்கிரீனுக்குப் பின்னால்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? செம்மறிக்குட்டிகள் எல்லாம் நலமா? விடுதியில் மற்றவர்கள் தூங்கியபின் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

போன வாரம் கிரிக்கெட் பயிற்சியில் பந்து ஹெல்மெட்டில் பட்டது, காயமில்லை. ஆனால் அதன்பின் வேகப்பந்து வந்தாலே என் கால் தானாகப் பந்தை விட்டு லெக் பக்கம் ஒதுங்குகிறது.

"ஏன்டி ஹெட்டி, அந்தப் பக்கம் நிக்கிற ஸ்கொயர் லெக் அம்பயரோட டீ குடிக்கப் போறியா? பேசாம ஏழாவதா இறங்கு" என்றாள் கேப்டன் ரோவீனா.

"சனிக்கிழமை மேட்ச்ல நான்தான் ஓப்பனிங். ஒதுங்குனா டீமை விட்டே தூக்கிடு" என்று சொல்லிவிட்டேன்.

மேட்ச் பார்க்க வரும்போது அம்மா பின்னிய காலுறையைக் கொண்டுவாருங்கள். மைதானத்தில் என் கண்ணில் படும்படி உட்காராதீர்கள், உங்களையே பார்ப்பேன். பந்துவீசுபவளுக்குப் பின்னால் எல்லையில் இருக்கும் பெரிய வெள்ளைத் திரையான சைட் ஸ்கிரீனுக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். பந்தை நேராகப் பார்த்தால் உங்கள் பக்கம் பார்த்ததாகவும் இருக்கும்.

வார்டன் வருகிறார்.

உங்கள் ஹெட்டி