ஓடையில் நின்றவளுக்கு ஆப்சென்ட்

பொகடெல்லோ,
ஏப்ரல் 11

பள்ளித் தலைவர் திரு. கார்த் வெல்கர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பாய்சியில் இந்நேரம் புல்வெளிகள் பச்சை பிடித்திருக்கும். இங்கே நேற்றும் பனி தூவியது.

'நீங்கள்' என்று இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. பதினோரு வருடம் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே குழாயடியில் குடுவை கழுவியவர்கள் நாம். ஆகவே நீ என்றே எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் உன் உதவியாளரை விட்டுத் திருத்திக்கொள்.

தாளில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உனக்கு நான்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நான்குக்கும் ஒரே பதில், அனுப்பிய கையோடு வந்தது: உங்கள் கருத்தை நாங்கள் மதிக்கிறோம். தபால் உறையைப் பிரிப்பதற்காவது ஒரு மனிதக் கை வேண்டுமே என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். சாலிஸ் ஊருக்கு மேலே மலைச்சரிவில் ஒரு டிரெய்லர் வீட்டில் இருக்கிறாள் ப்ரின்லி ஓக்லி. பன்னிரண்டாம் வகுப்பு. அறிவியல் பாடத்துக்கு மட்டுமல்ல, அவளுடைய பள்ளி வாழ்க்கைக்கே பொறுப்பாசிரியன் நான். சென்ற திங்கட்கிழமை நம் இணையப் பள்ளியின் கணினி அவளை நீக்கிவிட்டது. தொடர்ந்து பத்துப் பள்ளி நாட்கள் திரையில் அசைவு இல்லையென்றால் பெயர் தானாக அடிபடும் என்பது விதி. நீ எழுதிய விதி. மறு சேர்க்கை ஆகஸ்டில்தான். இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதிக்குள் நீ கையெழுத்துப் போட்டால் மட்டும் அவள் பெயர் மீண்டும் ஏறும். ஏறினால் மே மாதம் பள்ளியை முடிப்பாள். மாநிலப் பல்கலைக்கழகத்தில் மீன்வளப் படிப்புக்கு அவளுக்கு இடமும் உதவித்தொகையும் தயாராக இருக்கின்றன. ஏறாவிட்டால் இரண்டும் போய்விடும். நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்தில் அவள் அம்மா வேலை பார்த்த சமையலறை இருக்கிறது. அங்கே எப்போதும் ஆள் தேவைப்படுகிறது.

உனக்கு இவள் ஒரு எண். எனக்கும் ஒன்றரை வருடம் வெறும் குரல்தான். கேமராவைத் திறக்கவே மாட்டாள். அவள் பேசும்போது பின்னால் உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். ஏதோ கோளாறு, ஹெட்போனை மாற்று என்று ஒரு மாதம் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது அவள் அம்மா ஷாண்டாவின் பிராணவாயு இயந்திரம். அந்த அம்மாளை விட்டுவிட்டு பஸ்ஸில் போய்ப் படிக்க முடியாது என்பதால்தான் நம் பள்ளிக்கு வந்திருக்கிறாள். போன வசந்தத்தில் மாநிலத் தேர்வு எழுத சாலிஸ் சர்ச் கூடத்துக்கு வந்தாளே, அப்போதுதான் முதலும் கடைசியுமாக அவளை நேரில் பார்த்தேன். நான் இருமியதைக் கேட்டுவிட்டுத் திரும்பினாள். "ஹேட்ச் சாரா? நீங்க இவ்ளோ குட்டையா? குரல் மட்டும் ஆறடி இருக்குமே சார்" என்றாள். தேர்வுக் கூடத்தில் பேசக்கூடாது என்றேன். "இன்னும் ஆரம்பிக்கல சார், மூச்சு விட்டுக்கங்க" என்றாள்.

நீ வருடந்தோறும் வீட்டுக்கு வீடு தபாலில் அனுப்புகிறாயே ஓர் அறிவியல் பெட்டி, பலூன், சமையல் சோடா, காந்தத் துண்டு, அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு அவள் எனக்குப் போன் செய்தாள். "சார், பலூன் ஊதறத அஞ்சாங்கிளாஸ்லயே முடிச்சிட்டேன். பெரியவங்களுக்கு ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. நீ படவேண்டிய வெட்கத்தை நான் பட்டேன். என் அலமாரியிலிருந்து நம் பழைய வெப்பமானியையும், தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை அளக்கும் மருந்துக் குப்பிகளையும் அவளுக்கு அனுப்பி வைத்தேன். நீலப் பிடி போட்ட வெப்பமானி. போர்ட்நுஃப் ஆற்றில் நாம் இருவரும் பிள்ளைகளை இறக்கிவிட்டு, முழங்கால் நீரில் நின்று கத்திக்கொண்டிருந்தோமே, அப்போது வைத்திருந்தது.

ஆற்று வகுப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. அதை ஆரம்பித்தவன் நான். அதற்காக மாநில விருது வாங்கியவன் நீ. செய்தித்தாளில் வந்த படத்தில் உன் பக்கத்தில் யாரோ ஒருவருடைய முழங்கை மட்டும் தெரியும். அந்த முழங்கை என்னுடையது. ஆறு வருடம் கழித்து இரண்டு அறிவியல் ஆசிரியர்களில் ஒருவர் போதும் என்று மாவட்டக் கல்வி அலுவலகம் சொன்னபோது, விருது வாங்கியவன் தங்கினான், முழங்கை வீட்டுக்குப் போனது. பிறகு இந்த இணையப் பள்ளிக்கு நீ தலைவனாகி, இரக்கப்பட்டு எனக்கு ஒரு நாற்காலி கொடுத்தாய். என் மனைவியாக இருந்த மோரீன் இன்றைக்கும் உன்னை நல்லவன் என்றுதான் சொல்கிறாள். அவள் என்னை விட்டுப் போன பிறகு, ஆட்களைப் பற்றிய அவளுடைய மதிப்பீட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை.

போகட்டும். ப்ரின்லி வீட்டுக்குக் கீழே ஓர் ஓடை ஓடுகிறது. அதற்கு மேலே ஒரு பழைய சுரங்கம். ஸ்டீல்ஹெட் மீன்கள் கடலிலிருந்து அந்த ஓடைவரை ஏறி வந்து, கூழாங்கல்லைத் தோண்டி முட்டையிடுகின்றன. சுரங்கத்து நீர் கலக்கும் இடத்துக்குக் கீழே இருக்கும் முட்டைகளுக்கு மூச்சுவிடப் பிராணவாயு போதுமா? இது அவள் கேட்ட கேள்வி, நான் கொடுத்ததல்ல. வீட்டில் ஒரு ஜீவன் மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்து வளர்ந்தவளுக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். மற்றப் பாடங்களையெல்லாம் மார்ச்சிலேயே முடித்துவிட்டாள். அறிவியல் மட்டும் பாக்கி. மீன் வந்துவிட்டது என்று அவள் சொன்ன அன்று, திரையை மூடிவிட்டு ஓடைக்குப் போ என்றேன்.

"மூடினா ஆப்சென்ட் போடுமே சார்" என்றாள்.

"போடட்டும். நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அப்பன் விட்டுவிட்டுப் போன, இடுப்புவரை வரும் ரப்பர் கால்சட்டையைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு தினமும் போனாள். சாயங்காலம் போனில் அளவுகளைச் சொல்வாள். நடுவில் செய்திகளும் உண்டு. "இன்னிக்கி ரெண்டு ஆம்பள மீன் சண்டை போட்டு மூஞ்சி கிழிஞ்சு நிக்குது சார். பொட்ட மீன் கண்டுக்கவே இல்ல, அது பாட்டுக்குக் குழி தோண்டுது" என்பாள். என் ஆசிரியர் வாழ்க்கையில் அந்த இரண்டு வாரத்துக்கு ஈடாக வேறெதையும் சொல்ல முடியாது. கடைசி நாளில் கணினி அவளை நீக்கியது.

உதவி மையத்தை அழைத்தேன். "மாணவி செயல்படலைன்னு காட்டுது சார்" என்றாள் அங்கிருந்த பெண். ஓடையில் நிற்கிறாளம்மா என்றேன். "ஓடைக்கு இங்க கட்டம் இல்லயே சார்" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், கட்டம் போட்டவன் நீ.

திரைக்கு வெளியே படித்த நேரத்துக்கென்று ஒரு தாள் இருக்கிறதே என்பாய். இருக்கிறது. ப்ரின்லி அதை இரண்டு வெள்ளிக்கிழமையும் நிரப்பி, அம்மாவிடம் கையெழுத்து வாங்கி எனக்கு அனுப்பினாள். நான் அதை உன் அலுவலகத்துக்கு அனுப்பவில்லை. எந்தப் பிள்ளைக்கும் அனுப்பியதில்லை. போன இலையுதிர் காலத்துக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் சொன்னேன், நான் அறிவியல் ஆசிரியன், குமாஸ்தா இல்லை என்று. "எல்டன், உன் மைக்க ஆஃப் பண்ணு, எல்லாருக்கும் நல்லது" என்றாய். திரை முழுக்கச் சிரிக்கும் பொம்மை முகங்கள் மிதந்தன. மறக்கவில்லை.

என் மற்றப் பிள்ளைகள் புத்திசாலிகள். ஒருவன் பூனையை விசைப்பலகையில் படுக்கவைத்துவிட்டுத் தூங்கப் போகிறான். அந்தப் பூனைக்கு இந்த வருடம் முழு வருகை. பூனையை வைத்துக்கொண்டு, ஓடையில் நின்றவளைத் துரத்தும் பள்ளிக்குத் தலைவனாக இருப்பது எப்படியிருக்கிறது என்று ஒரு நாள் எனக்குச் சொல்.

கேட்பது ஒரு கையெழுத்து. அதைப் போடு.

இப்படிக்கு,
எல்டன் ஹேட்ச்
அறிவியல் ஆசிரியர்


பொகடெல்லோ,
ஏப்ரல் 20

கார்த்,

வியாழக்கிழமை நீ போனில் கூப்பிடுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதனால்தான் சரியாகப் பேச வரவில்லை. நீ பேசியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று எழுதிப் பார்க்கிறேன்.

"டேய் எல்டன், கையெழுத்துப் போட எனக்குக் கை இருக்கு. காரணம்தான் வேணும். தணிக்கைக்கு வர்றவன்கிட்ட ஓடை, மீனுன்னு கத சொல்ல முடியாது. பொறுப்பாசிரியர் கடமை தவறிட்டார், மாணவி மேல தப்பில்லன்னு நீயே எழுதிக் கொடுத்தா, அன்னிக்கே அவ பேர ஏத்திடுவேன். ஆனா உனக்கு ஏற்கெனவே ரெண்டு கண்டனக் குறிப்பு இருக்கு. மூணாவது வந்தா என்னால உன்ன வச்சிக்க முடியாது. யோசிச்சு சொல்லு" என்றாய். இரண்டாவது குறிப்பைப் போடும்போது யோசித்துச் சொல் என்று நீ என்னைக் கேட்கவில்லை. போகட்டும்.

வைக்கும் முன், அந்த நீல வெப்பமானி இன்னும் வேலை செய்கிறதா என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். வேலை செய்கிறது. அரை டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது. உருகும் பனியில் வைத்துப் பார்த்து ப்ரின்லிதான் கண்டுபிடித்தாள். போர்ட்நுஃபில் நாம் எடுத்த அளவுகள் அத்தனையும் தப்பு, உன் விருதும் அதில் சேர்த்தி.

உன் போனுக்குப் பிறகு இரண்டு நாள் எதுவும் எழுதவில்லை. கடமை தவறினேன் என்று எழுதுவதாவது, அதுவும் உன் முன்னால். இருபத்தேழு வருடமாகக் கற்பிக்கிறேன். பாடம் நடத்தியதுதான் தவறு என்று என்னை எழுதச் சொல்கிறான் என்று சுவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். நேரமிருக்கிறது, இருபத்தைந்தாம் தேதிக்குள் நீ இறங்கி வருவாய் என்றும் கணக்குப் போட்டேன்.

நேற்று ஷாண்டா கூப்பிட்டாள். அவள் ஒரு வாக்கியம் சொல்லி முடிக்க மூன்று மூச்சு வேண்டும். "சார், ஓடைப் பக்கமே போக மாட்டேங்கறா. காலையில எழுந்து திரையத் திறந்து வச்சிட்டு மவுஸ அசைச்சிட்டே உக்காந்திருக்கா. உள்ளயே விடாத பள்ளிக்கூடத்து வாசல்ல உக்காந்துக்கிட்டு" என்றாள். "வெளிய போனது என் தப்பும்மா, இனிமே போக மாட்டேன்னு சொல்றா. நீங்கதானே போகச் சொன்னீங்க, அவகிட்ட ஒரு வார்த்த பேசுங்க" என்றாள்.

பேசச் சொல்லி ப்ரின்லியிடம் போனைக் கொடுத்தாள். உஸ்ஸென்ற சத்தம் மட்டும் வந்தது. பிறகு, "சார், நான் இப்ப தினமும் அசைக்கறேன் சார். அது கணக்குல சேருமா?" என்று கேட்டாள்.

அந்தக் குரலை நீ கேட்டிருக்க வேண்டும். இல்லை, நீ கேட்க வேண்டாம்.

இத்துடன் தாளை வைத்திருக்கிறேன். நீ கேட்ட சொற்களையே எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு வெள்ளிக்கிழமைத் தாள்களும் கூடவே இருக்கின்றன. நாற்காலியை யாருக்குக் கொடுக்கிறாயோ எனக்குத் தெரியாது. பூனையோடு ஒத்துப்போகிறவராகப் பார்த்துக் கொடு. இதை எழுதியதால் அந்தப் புகைப்படத்தை மறந்துவிட்டேன் என்றும் நினைத்துக்கொள்ளாதே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தலைவனாக இருப்பவனிடம் கேட்கவில்லை. பெயர் ஏறியதும் அவளை நீயே கூப்பிடு. கணினியை விட்டுக் கூப்பிடாதே, உதவியாளரை விட்டும் கூப்பிடாதே. எடுக்க நேரமாகும், அம்மாவைப் படுக்க வைத்துவிட்டு வருவாள். மணி அடிக்க விடு. ஓடையில் நின்ற நாட்களுக்கெல்லாம் வருகை போட்டாகிவிட்டது என்று சொல். பள்ளியில் யாரோ ஒரு ஆசிரியர் செய்த தவறு என்று சொல். யாரென்று கேட்டால் பெயரைச் சொல்லிவிடு, பரவாயில்லை. நான் சொன்னால் நம்ப மாட்டாள். நான் பாத்துக்கறேன் என்று அவளிடம் ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

உன் வார்த்தையில் அவள் எழுந்து வெளியே போக வேண்டும். கூழாங்கல்லுக்கு அடியில் இருப்பதெல்லாம் மே கடைசியில் பொரிக்கும். அந்த நேரம் அங்கே யாராவது நின்று எண்ண வேண்டும் கார்த். உனக்கும் தெரியும், நீயும் நின்றிருக்கிறாய்.

உன் கை சுகமாக இருக்கட்டும்.

எல்டன்