புற்றுமண்ணால் கெட்ட ஸ்கேன் படம்

அனுப்புநர்:
மு. சங்கரபாண்டியன் (வயது 58),
பூச்சந்தை எடைத் தொழிலாளி,
சங்கரன்கோவில், தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழு,
திருநெல்வேலி.

பொருள்: என் மனைவி அன்னக்கிளியை ஸ்கேன் ஆய்விலிருந்து நீக்கியதை மறுபரிசீலனை செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவிக்கு ஈரலின் இடப்பக்கம் ஒரு கட்டி இருக்கிறது. அது எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அறுவை சிகிச்சை பற்றி முடிவெடுக்க முடியும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு வழக்கமாகப் போடும் மருந்து அவள் சிறுநீரகத்துக்கு ஆகாது. காந்தத்தில் தெரியும் மருந்தை நுண்ணிய புரதத் துகளுக்குள் வைத்து ஊசியில் ஏற்றும் புதிய முறை, தங்கள் குழுவின் அனுமதியோடு ஆய்வாக நடக்கிறது. அதில் அவளைச் சேர்த்தார்கள். பொறுமையாக விளக்கிச் சொன்ன டாக்டர் ஜெனிபா அவர்களுக்கு இன்றும் நன்றியுள்ளவன்.

2. ஸ்கேனுக்கு ஆறு மணி நேரம் முன்பிருந்து சாப்பாடும் தண்ணீரும் கூடாது என்றார்கள். கொடுக்கவில்லை. ஆனால் நோய் தீரும் என்று நம்பி, கோவிலில் பிரசாதமாகத் தரும் புற்றுமண்ணைப் பத்து நாளாகக் கரைத்துக் கொடுத்து வந்தேன். அன்று கிளம்பும்போதும் ஒரு உருண்டையை அவள் நாக்கில் வைத்தேன். எங்கள் ஊரில் அதை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. மண்ணிலுள்ள இரும்பு வயிற்றில் தங்கி, ஒட்டியுள்ள ஈரல் பகுதியைப் படத்தில் கறுப்பாக்கிவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

3. 'விதிமீறல்' என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதி அவளை நீக்கிவிட்டார்கள். மீறியவன் நான். பதினோரு பக்கப் படிவத்தில் மாத்திரை, நகை, பல்செட், பச்சை குத்தியது எல்லாம் கேட்டிருந்தது. மண் சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. இந்தப் பக்கத்து நோயாளிகளிடம் அதையும் கேட்டிருக்க வேண்டும். குறை சொல்வதாக எடுத்துக்கொண்டாலும் சரி.

4. நீக்கிய காரணத்தை அவளிடம் சொன்னேன். நம்பவில்லை. "இனிமே பார்க்க ஒண்ணுமில்லன்னுதான் அனுப்பிட்டாவ. நீங்க மண்ணு மேல பழியப் போடுதிய" என்றாள். நல்ல சேலைகளை மகள் இசக்கிசெல்விக்கு என்று தனியே எடுத்து வைத்துவிட்டாள். மாத்திரையும் ஒழுங்காகப் போடுவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

5. மண் கொடுப்பதை நிறுத்திப் பன்னிரண்டு நாள் ஆகிறது. ஒரே ஒரு முறை அவளை மறுபடி ஸ்கேனுக்கு அழைக்க உத்தரவிடுமாறு பணிந்து கேட்கிறேன். விதி இடம் தராவிட்டால், நீக்கியது நோய் முற்றியதால் அல்ல, கணவன் செய்த தவறால் என்று தமிழில் எழுதி, முத்திரையிட்டு, அவள் பெயருக்கே அனுப்புங்கள். என் பெயரையும் அதில் போடலாம். என் வாய்ச்சொல்லை நம்பாதவள் தங்கள் தாளை நம்புவாள்.

இடம்: சங்கரன்கோவில்
நாள்: 14.07.2025

தவறை ஒப்புக்கொண்டு,
மு. சங்கரபாண்டியன்

இணைப்பு: நீக்கல் கடிதத்தின் நகல்