கல்லங்குறிச்சியிலிருந்து ஒருத்தி

10-6-2003, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். ரயில்வே கேட்டில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் வெகுநேரம். கேஸ் சிலிண்டருக்குப் பதிய மறந்துபோனேன். வீட்டில் ராஜத்திடம் திட்டு.

ஆலை கேன்டீன் சமாசாரம் உண்மைதான். போன மாதம் ஆலையில் சிலருக்கு டைபாய்டு. கேன்டீன் ஆட்கள் அத்தனை பேரும் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சனிக்கிழமை முதல் கேட் பாஸ் கிடையாது. கான்ட்ராக்டர் உத்தரவு, வாய்மொழியாக. பெரும்பாலோர் போட்டுக்கொண்டுவிட்டார்கள். ஊசி மேல் யாருக்கும் கோபமில்லை, ஒரு வார்த்தை கேட்காததில்தான். கேன்டீன் பரோட்டா மாஸ்டர் டீக்கடையில் சொன்னது: "மாட்டுக்குக்கூட தடவிக் குடுத்துட்டுத்தான் சார் ஊசி போடறாங்க. எங்களுக்கு, கைய நீட்டு, இல்ல வெளிய நில்லு."

ஒருத்தி மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. ம., பாத்திரம் கழுவுகிறவள். பஸ் ஸ்டாண்டில் கூட்டத்திலிருந்து தள்ளி நின்று பேசினாள். முழுகாமல் இருக்கிறாள், இரண்டு மாதம். கல்யாணமாகி ஒன்பது வருடம், இதற்குமுன் இரண்டு முறை கலைந்திருக்கிறது. இப்போதைக்கு அந்த ஊசி வேண்டாம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் சொல்லியிருக்கிறார். கான்ட்ராக்டரிடம் காரணத்தைச் சொன்னால் பிள்ளைத்தாச்சி என்று நிறுத்திவிடுவார். சொல்லாவிட்டால் ஊசி.

"எங்க வூட்டுக்காரருக்கு மட்டுந்தான் சார் தெரியும். மாமியாகிட்டகூட சொல்லல. பேப்பர்ல பேர மட்டும் போட்டுராதீங்க."

போடமாட்டேன் என்றேன். அந்த விஷயத்தில் நான் சுத்தம்.

11-6, புதன்

ஆலை டாக்டரைப் பார்த்தேன். நல்ல மனிதர். "கர்ப்பிணின்னு சொன்னா நானே வேணாம்பேனே. எங்கிட்ட யாரும் சொல்லலியே." அதையும் செய்தியில் சேர்த்தேன். ஊசி அவசியம்தான் என்பதையும் எழுதினேன். மறுத்தால் வேலையை விட்டு நிறுத்தலாமா என்பதுதான் கேள்வி. கேட்ட இடத்தில் எல்லாம் ஆளுக்கொரு பதில்.

ஃபேக்ஸ் பழுது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து வரி வரியாக வாசித்தேன். பேப்பரின் திருச்சி டெஸ்க்கில் எழுதிக்கொண்டவர் அலுத்துக்கொண்டார்.

"அண்ணே, இடம் பத்தல. 'கல்லங்குறிச்சியைச் சேர்ந்த', 'ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு', இதெல்லாம் எடுத்துரட்டுமா?"

"எடுக்காதப்பா. அது இல்லன்னா பொத்தாம்பொதுவா இருக்கும்."

பூத் உள்ளே வேர்வை. செருப்பு தைக்கக் கொடுக்க வேண்டும்.

12-6, வியாழன்

மூன்றாம் பக்கம், மேலே. ஒரு வரிகூட வெட்டவில்லை. ராஜம் படித்தாள்.

"மூணு மாசம் தாண்டாம வெளிய சொல்லமாட்டாங்க. இதுகூடவா தெரியாது உங்களுக்கு?"

"பேரே போடலியே."

பேப்பரை மடித்து வைத்தாள்.

மாலை, ஆலை இறங்கி வந்தது. டாக்டர் சொன்னால் ஊசியிலிருந்து விலக்கு, ஊசிக்காக யாரையும் நிறுத்தமாட்டார்கள். நோட்டீஸ் போர்டில் எழுத்திலேயே ஒட்டிவிட்டார்கள். மாஸ்டர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "எழுதினாத்தான் சார் இவங்களுக்குக் காது கேக்குது." முழங்கால் வலி இன்று தெரியவில்லை.

13-6, வெள்ளி

காலை, கான்ட்ராக்டர் போன். கோபமே இல்லை, சிரிப்பு.

"கல்லங்குறிச்சியிலேர்ந்து எனக்கு வர்றது ஒரே ஒரு ஆளு சார். நீங்க எழுதலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது, ரொம்ப தேங்க்ஸ். பாவம், வாயும் வயிறுமா இருக்கற பொண்ணு. அண்டா கிண்டாவத் தூக்கி ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? வூட்ல ரெஸ்ட் எடும்மான்னு அனுப்பிட்டேன். ஊசிக்காக அனுப்பல. அதையும் எழுதிக்குங்க."

ஒரே ஒரு ஆள். அந்த ஊரிலிருந்து எத்தனை பேர் என்று நான் கேட்கவே இல்லை. பெயர், வயது, ஊர் என்று எழுதி எழுதிப் பழகிய கை. பெயரை எடுத்துவிட்டால் ஆளை மறைத்ததாக நினைப்பு. டெஸ்க் எடுக்கட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்றது நான்.

மதியம் சாப்பிடவில்லை. ராஜத்திடம் தலைவலி என்றேன்.

15-6, ஞாயிறு

தைத்த செருப்பை வாங்கி வந்தேன். கல்லங்குறிச்சி பஸ் எதிரே வந்து நின்றது. கண்டக்டர், "வாங்க சார், எடம் இருக்கு." ஏறவில்லை.

16-6, திங்கள்

பெரம்பலூர். எங்கள் மாவட்டத்தை மறுபடி அதோடு ஒன்றாக்கியதிலிருந்து எதற்கெடுத்தாலும் அங்கேதான். பஸ்ஸில் நின்றுகொண்டே. தொழிலாளர் துறை அதிகாரி மரியாதையாக உட்காரவைத்தார்.

"கர்ப்பத்தக் காட்டி நிறுத்தறது தப்புங்க. கூப்பிட்டு விசாரிக்கலாம். ஆனா பேர் இல்லாத ஆளுக்காக நான் யாரப் போய் விசாரிக்கறது? அந்தம்மா பேரோட வந்து சொல்லணும்."

டெஸ்க்கும் அதையேதான். "அண்ணே, பேரு, போட்டோவோட இன்னொண்ணு குடுங்க. நல்லா போகும்." பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன்.

17-6, செவ்வாய்

காற்று, ஒரே தூசி. காலைப் பஸ்ஸில் கல்லங்குறிச்சி. கோவில் பக்கம் இறங்கி வீட்டுக்கு வழி கேட்டேன். முழுதாகக் கேட்டு முடிக்கவில்லை. "பேப்பர்ல வந்த பொண்ணா?" கை காட்டிவிட்டார்கள்.

மாமியார் வாசலில். நான் யார் என்று சொன்னதுமே ஆரம்பித்துவிட்டார்.

"டீக்கடைல படிச்சிட்டு எவனோ வந்து எனக்கு வாழ்த்து சொல்றான். எம் மருமவ வயித்துல இருக்கறத பேப்பர்காரன் சொல்லித்தான் நான் தெரிஞ்சிக்கணுமா? ஏற்கெனவே ரெண்டு போச்சு. ஊரு கண்ணு முழுக்க இப்ப இவ மேல."



ம. உள்ளேயிருந்து வந்தாள். ஈரக் கை. என் தப்பு, மன்னித்துக்கொள் என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"வேல திரும்பக் கெடைக்குமா சார்?"

அதிகாரி சொன்னதைச் சொன்னேன். பெயரோடு புகார், பெயரோடு செய்தி. கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதையும். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். வேண்டாம் என்றால் எனக்கு நல்லது என்றும் இருந்தது.

மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னை.

"போட்டுக்குங்க. இனிமே யாருகிட்ட மறைக்கப்போறேன்?"

பேனாவை எடுத்தேன். மல்லிகா. வயது முப்பத்தொன்று.

"ஊரு?" பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது.

"அதத்தான் மொதல்லயே போட்டுட்டீங்களே சார்."